வேலைக்கு வேலை ரெஸ்யூமே: டெம்ப்ளேட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது?

முதன்முறையாக வேலை தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அழகான டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, பெயர், படிப்பு, அனுபவம் என்று நிரப்பி, கண்ணில் படும் வேலைக்கெல்லாம் அதையே அனுப்புவது ஒரு வழி. ஒவ்வொரு வேலைக்கும் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுவது இன்னொரு வழி. முதல் வழியில் எத்தனை இடத்துக்கு அனுப்பினாலும் பதில் வருவது அபூர்வம். இரண்டாவது வழியில் நாலைந்து விண்ணப்பங்களுக்குள் ஆளே களைத்துப்போய்விடுவார்.

நான் சொல்லப்போவது இந்த இரண்டையும் சேர்த்த ஒரு முறை. வடிவத்தை ஒருமுறை தேர்ந்தெடுத்து அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் வரிகளில் ஒரு பகுதியை மட்டும் வேலைக்கு வேலை மாற்றுங்கள். கை பழகிவிட்டால் ஒரு விண்ணப்பத்துக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை மட்டும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பைத் தவிர்க்கப் பார்ப்பவர்கள்தான் பிறகு ஒவ்வொரு முறையும் திண்டாடுகிறார்கள்.

யார் படிக்கிறார்கள்?

நீங்கள் அனுப்பும் கோப்பு ஒரே ஆளின் கைக்குப் போவதில்லை. பெரிய நிறுவனங்களில் முதலில் அதை வாங்குவது ஏடிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மென்பொருள். விண்ணப்பங்களைச் சேமித்து வரிசைப்படுத்துவது அதன் வேலை. உங்கள் கோப்பிலிருந்து பெயர், தொலைபேசி எண், படிப்பு, வேலை பார்த்த இடம், தேதி ஆகியவற்றைப் பிரித்தெடுத்துத் தனித்தனிக் கட்டங்களில் போட்டுவைக்கும். அப்புறம் ஹெச்.ஆர். ஊழியர் அதில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடுவார், அல்லது வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். கடைசியாக, நீங்கள் சேரப்போகும் குழுவின் மேலாளர் படிப்பார்.

இந்த மென்பொருளைப் பற்றி ஒரு பயம் பரவியிருக்கிறது. முக்கால்வாசி ரெஸ்யூமேக்களை மனிதர் பார்ப்பதற்கு முன்பே கணினி குப்பையில் தள்ளிவிடுகிறது என்று ஒரு கணக்கைப் பல இடங்களில் பார்க்கலாம். அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் கிடையாது. தானாக நிராகரிப்பது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் அது விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் கேள்விகளால் நடப்பது. குறிப்பிட்ட உரிமம் இருக்கிறதா, அந்த நாட்டில் வேலை பார்க்க அனுமதி இருக்கிறதா, இத்தனை வருட அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள். ‘இல்லை’ என்று சொன்னால் அங்கேயே கதவு மூடிவிடும். ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மருந்து கிடையாது. ஆகவே அந்தக் கேள்விகளை அவசரப்படாமல் படித்து, உண்மையான பதிலைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். தவறான பொத்தானை அழுத்தி வாய்ப்பை இழப்பது மிக எளிது.

மனிதர் படிக்கும் கட்டத்துக்கு வருவோம். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம், ஆள் தேர்வு செய்பவர்களின் கண் அசைவைப் பதிவுசெய்து 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஒரு ரெஸ்யூமேயை முதல் முறை பார்ப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 7.4 நொடி. அதற்குள் படிக்க முடியாது, மேலோட்டமாகக் கண்ணை ஓட்டத்தான் முடியும். அந்த ஓட்டத்தில் கண் படும் இடம் முதல் பக்கத்தின் மேல் பாதி. வேலைக்கு வேலை மாற்ற வேண்டிய பகுதியும் அதுதான்.

முதல் படி: மூலக் கோப்பு

டெம்ப்ளேட்டைத் தேடும் முன் வெறும் கோப்பு ஒன்றைத் திறந்து, நீங்கள் இதுவரை செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். இது யாருக்கும் அனுப்புவதற்கு இல்லை. ஐந்தாறு பக்கம் போனாலும் பரவாயில்லை. அழகும் வேண்டாம். வேலை, இன்டர்ன்ஷிப், கல்லூரி புராஜெக்ட், பகுதி நேர வேலை, தன்னார்வப் பணி, வீட்டுக் கடையில் கணக்கு எழுதியது, நண்பரின் தொழிலுக்கு இணையதளம் செய்துகொடுத்தது என்று எதையும் விடாதீர்கள். ஃப்ரெஷர்கள் பலர் ‘எனக்கு அனுபவமே இல்லை’ என்று சொல்வார்கள். உட்கார்ந்து எழுதவைத்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் வரும். சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான்.

ஒவ்வொரு வேலைக்கும் கீழே இவற்றை எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், எந்தக் கருவி அல்லது மென்பொருளால் செய்தீர்கள், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதனால் என்ன மாறியது, அதைத் தெரிந்த ஆள் யார். தொடங்கிய மாதமும் முடித்த மாதமும் சரியாக இருக்கட்டும். சான்றிதழ் வாங்கிய தேதி, மதிப்பெண், மேலாளரின் பெயர் எல்லாம் இங்கேயே இருந்தால் பின்னால் தேடி அலைய வேண்டியிருக்காது.

எண்கள் விஷயத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ‘விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்’ என்று எழுதச் சொல்லி எல்லா அறிவுரைகளும் வற்புறுத்துகின்றன. சாதாரண ஊழியருக்கு அந்தக் கணக்கு எங்கே கிடைக்கும்? கிடைக்காத எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த எண்கள் வேறு இருக்கின்றன: ஒரு நாளைக்கு எத்தனை அழைப்புகள், எத்தனை பேர் கொண்ட குழு, எத்தனை பொருள்களின் இருப்பு, எத்தனை பக்க அறிக்கை, வாரத்தில் எத்தனை முறை. இவை சாதனை எண்கள் இல்லை, வேலையின் அளவைக் காட்டும் எண்கள். படிக்கிற மேலாளருக்கு அதுவே பெரிய உதவி. ‘வாடிக்கையாளர்களைக் கவனித்தேன்’ என்பதைவிட ‘ஒரு ஷிஃப்டில் 80 வாடிக்கையாளர்கள் வரை கவனித்தேன்’ என்பது உங்களை அந்த இடத்தில் நிற்கவைத்துக் காட்டுகிறது.

இந்தக் கோப்புக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை புதிதாகச் செய்ததைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், வேலையில் இருக்கும்போதும். வேலையை விட்ட பிறகு நினைவிலிருந்து எடுப்பது மிகவும் சிரமம்.

இரண்டாம் படி: டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுப்பது

டெம்ப்ளேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தளவு, இடைவெளி, தலைப்பு வரிசை ஆகியவற்றை யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் யூரோபாஸ் என்ற பெயரில் பொதுவான ரெஸ்யூமே வடிவத்தையே இலவசமாகத் தருகிறது. ஆனால் கேன்வா போன்ற தளங்களில் கண்ணைப் பறிக்கும் வடிவங்கள் பல, அச்சிட்டுக் கையில் கொடுக்கத்தான் பொருந்தும். மென்பொருள் வழியாகப் போகும் விண்ணப்பத்தில் அவை காலை வாரிவிடலாம்.

பக்கத்தைப் பிரிக்காமல் ஒரே நெடுவரிசையாக மேலிருந்து கீழே போகும் வடிவமே பாதுகாப்பானது. இடப்பக்கம் ஒரு வண்ணப் பட்டை, அதில் திறமைகள், வலப்பக்கம் அனுபவம் என்று இரண்டு நெடுவரிசைகளாக இருந்தால், சில மென்பொருள்கள் இரண்டையும் குறுக்காகச் சேர்த்துப் படித்துவிடும். ‘எக்செல்’ என்ற சொல் போய் நீங்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வேர்டில் பக்கத்தின் தலைப்புப் பகுதிக்குள் (ஹெடர்) தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வைத்தாலும் சிக்கல் வரலாம், ஏனென்றால் சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் படிக்காமலேயே தாண்டிவிடும். தொடர்பு விவரங்களைப் பக்கத்தின் உடலிலேயே முதல் வரியாக எழுதுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸ், படமாக மாற்றிய எழுத்து, போன் படம் போட்ட சின்ன ஐகான் ஆகியவற்றைத் தவிருங்கள்.

திறமைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், ஆங்கிலத்துக்கு 85 சதவீதப் பட்டை என்று போடும் வடிவங்களை எனக்குத் துளியும் பிடிக்காது. எதோடு ஒப்பிட்டு 85? யார் அளந்தது? மென்பொருளுக்கும் அது புரியாது, மனிதருக்கும் அது எதையும் சொல்லாது. அந்த இடத்தில், அந்தத் திறமையை வைத்து நீங்கள் செய்த ஒரு வேலையை ஒரு வரியில் எழுதிவிடலாம்.

புகைப்படம் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை எதையும் போடுவதில்லை. பாகுபாடு காட்டியதாகப் பேச்சு வரக்கூடாது என்று நிறுவனங்களே அவற்றை விரும்புவதில்லை. ஜெர்மனியில் புகைப்படம் வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது, கட்டாயம் இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் நாட்டின் வழக்கத்தைப் பாருங்கள். டெம்ப்ளேட்டில் வட்டமாக ஓர் இடம் விட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் படம் போடாதீர்கள்.

வடிவம் சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ரெஸ்யூமேயை பிடிஎஃப் ஆக்குங்கள். அதைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை மாறாமல், எழுத்து உடையாமல், தேதி சரியான வேலையோடு சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மென்பொருளும் அப்படியே படிக்கும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் பிடிஎஃப் வெறும் படம். அதை அனுப்பவே கூடாது.

டெம்ப்ளேட்டின் உண்மையான தீங்கு வடிவத்தில் இல்லை, அதில் மாதிரிக்காக எழுதிவைத்திருக்கும் வாசகங்களில் இருக்கிறது. ‘சவாலான சூழலில் என் திறமைகளை வெளிப்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன்’ என்ற குறிக்கோள் வரியை எத்தனை லட்சம் பேர் அனுப்பியிருப்பார்கள்! அதில் உங்களைப் பற்றியும் ஒன்றும் இல்லை, அந்த வேலையைப் பற்றியும் ஒன்றும் இல்லை. பக்கத்தின் மிக விலை உயர்ந்த இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதை அழியுங்கள்.

மூன்றாம் படி: வேலை விளம்பரத்தைப் பிரித்துப் படிப்பது

பெரும்பாலானவர்கள் விளம்பரத்தில் வேலையின் பெயரையும் சம்பளத்தையும் பார்த்துவிட்டு அப்ளை பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். விளம்பரத்தைப் பொறுமையாகப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதை நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டி, வரி வரியாகப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டை நானே எழுதித் தருகிறேன்:

‘கிடங்கு இருப்பு ஒருங்கிணைப்பாளர் தேவை. தினசரி சரக்கு வரவு, வெளியேற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். இருப்புக் கணக்கில் வரும் வித்தியாசங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். சப்ளையர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும். எக்செல்லில் வாராந்திர அறிக்கை தயாரிக்க வேண்டும். ஒரு வருட அனுபவம் அவசியம். எஸ்ஏபி தெரிந்திருந்தால் நல்லது. துடிப்பும் ஆர்வமும் கொண்டவராக இருக்க வேண்டும்.’

இதில் மூன்று வகை வரிகள் கலந்திருக்கின்றன. ஒரு வருட அனுபவமும் எக்செல்லும் இல்லாமல் நடக்காது. எஸ்ஏபி, அதாவது நிறுவனங்கள் கணக்கும் இருப்பும் பார்க்கப் பயன்படுத்தும் மென்பொருள், தெரிந்திருந்தால் கூடுதல் பலம், இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். துடிப்பும் ஆர்வமும் எல்லா விளம்பரத்திலும் வரும் வாசகம், அதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. இப்போது இன்னொரு முறை படியுங்கள். ‘வித்தியாசங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்’ என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அங்கே கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போகாமல் தலைவலி இருக்கிறது என்று ஊகிக்கலாம். அந்தத் தலைவலியைத் தீர்க்கும் ஆளைத்தான் தேடுகிறார்கள். உங்கள் மூலக் கோப்பில் அதற்கு நெருக்கமாக எது இருக்கிறது?

ஒரே வேலை பற்றிப் பல நிறுவனங்களின் விளம்பரங்கள் கிடைத்தால் ஐந்தாறை அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் அந்தத் துறையின் அடிப்படை எதிர்பார்ப்பு. ஒன்றில் மட்டும் வருவது அந்த நிறுவனத்தின் தனித் தேவை. புதியவர்களுக்கு ஒரு துறையைப் புரிந்துகொள்ள இதைவிட மலிவான பாடம் இல்லை.

நான்காம் படி: மாற்றுவது

ஒரு துணிக்கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூலக் கோப்பில் அவர் எழுதியிருப்பது: பில்லிங் கவுன்டர், சரக்கு வந்தால் இறக்கிச் சரிபார்ப்பது, மாதக் கடைசியில் ஸ்டாக் எடுப்பது, பொருளை மாற்றித் தரச் சொல்லி வருபவர்களிடம் பேசுவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பில் போடக் கற்றுத் தருவது.

பொது ரெஸ்யூமேயில் இது இப்படி வரும்: ‘பில்லிங், ஸ்டாக், வாடிக்கையாளர் சேவை உள்ளிட்ட கடையின் அனைத்துப் பணிகளையும் கவனித்தேன்.’

மேலே பார்த்த கிடங்கு வேலைக்கு இதே அனுபவம் இப்படி மாறும்: ‘மாதந்தோறும் சுமார் 1,200 வகைப் பொருள்களின் கையிருப்பை எண்ணி, கணினிக் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களை எக்செல் பட்டியலாக மேலாளரிடம் கொடுத்தேன். சப்ளையரிடமிருந்து வரும் சரக்கை இன்வாய்ஸோடு சரிபார்த்து, குறைவாக வந்தவற்றை அன்றே தெரிவித்தேன்.’ பில்லிங் பற்றிய வரி கடைசிக்குப் போய்விடும், அல்லது காணாமலே போகும்.

அதே ஆள் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பித்தால்: ‘பில்லிங் கவுன்டரில் ஒரு ஷிஃப்டில் 80 பேர் வரை கவனித்தேன். பொருள் மாற்றம், பணம் திருப்பித் தருவது தொடர்பான புகார்களைக் கடையின் விதிப்படி அங்கேயே முடித்தேன். புதிய ஊழியர்கள் மூவருக்குப் பில் போடவும் புகார்களைப் பதிவு செய்யவும் பயிற்சி கொடுத்தேன்.’ இங்கே 1,200 வகைப் பொருள்கள் யாருக்கும் தேவைப்படாது.

இரண்டிலும் ஒரு பொய் கூட இல்லை. அதே கடை, அதே இரண்டு வருடம். எதை முன்னால் வைக்கிறோம், எதை விரித்துச் சொல்கிறோம் என்பது மட்டுமே வேறு. இந்த உத்தி புதிதும் இல்லை. லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலானின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, மூடிய போர்வண்டி, கோட்டையைத் தகர்க்கும் வழி என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். கட்டடக்கலையும் சிற்பமும் ஓவியமும் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. அன்றைய மிலானின் ஆட்சியாளருக்குப் போர்தான் முதல் கவலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, பக்கத்தில் எதையெல்லாம் தொட வேண்டும்? மேலே இரண்டு மூன்று வரிச் சுருக்கம் ஒன்று வையுங்கள். நீங்கள் யார், இந்த வேலைக்கு நேராக உதவும் எந்த அனுபவம் இருக்கிறது என்பது மட்டும் அதில் வரட்டும். விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் இது மாறும். அதன் கீழே திறமைப் பட்டியலின் வரிசையை மாற்றுங்கள். விளம்பரத்தில் முதலில் கேட்டது உங்கள் பட்டியலிலும் முதலில் வரட்டும். சமீபத்திய வேலையின் கீழே நான்கைந்து வரிகளை மூலக் கோப்பிலிருந்து தேர்ந்தெடுத்துப் போடுங்கள். பழைய வேலைகள், படிப்பு, சான்றிதழ்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். அனுபவம் குறைவு என்றால் ஒரு பக்கம் போதும். இரண்டாவது பக்கத்தை நிரப்புவதற்காகப் பள்ளிக்கூடப் பரிசுகளை எழுத வேண்டாம்.

ஃப்ரெஷர்களுக்கு அனுபவத்தின் இடத்தில் புராஜெக்ட் வரும். நூலகத்துக்காக மென்பொருள் செய்த ஒரு மாணவர், இணையதள உருவாக்குநர் வேலைக்கு எழுதும்போது பக்கங்களை எப்படி வடிவமைத்தார், எந்த மொழியில் எழுதினார் என்று சொல்ல வேண்டும். தரவு ஆய்வு வேலைக்கு எழுதும்போது, எந்தப் புத்தகம் அதிகம் இரவல் போகிறது என்று அதே மென்பொருளிலிருந்து எடுத்த அறிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையை அவர் உண்மையில் எடுத்திருக்க வேண்டும், அது முக்கியம்.

சொற்களைப் பொறுத்தவரை விளம்பரத்தின் சொல்லையே பயன்படுத்துங்கள். அவர்கள் ‘இன்வென்டரி’ என்று எழுதியிருந்து நீங்கள் ‘ஸ்டாக்’ என்று எழுதியிருந்தால், தேடும்போது உங்கள் பெயர் வராமல் போகலாம். சுருக்கெழுத்து இருந்தால் ஒருமுறையாவது விரிவையும் சேர்த்து எழுதுங்கள், எதைப் போட்டுத் தேடுவார்கள் என்று நமக்குத் தெரியாது. அதற்காக ஒரே சொல்லைப் பத்து இடத்தில் திணிக்காதீர்கள். விளம்பரம் முழுவதையும் வெள்ளை எழுத்தில், கண்ணுக்குத் தெரியாமல், பக்கத்தின் அடியில் ஒட்டும் தந்திரம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் உங்கள் கோப்பை வெறும் எழுத்தாக மாற்றியதும் அது அத்தனையும் வெளியே தெரிந்துவிடும். அதைப் பார்க்கும் ஹெச்.ஆர். உங்களை மீண்டும் அழைக்க மாட்டார்.

தொடக்கூடாதவை: நிறுவனத்தின் பெயர், பதவியின் பெயர், தேதிகள், பட்டம், மதிப்பெண். சேரும் முன் இவற்றைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் பல, முரண்பாடு தெரிந்தால் கொடுத்த வேலையையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். உங்கள் பதவியின் பெயர் வெளியில் யாருக்கும் புரியாது என்றால், பெயரை மாற்றாமல் அதை அடுத்து ஒரு சிறிய விளக்கம் சேர்க்கலாம். எந்த வரியை எழுதினாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இன்டர்வியூவில் ‘இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்’ என்றால் இரண்டு நிமிடம் என்னால் பேச முடியுமா? முடியாது என்றால் அந்த வரி வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் இப்படி மெனக்கெட வேண்டுமா?

வேண்டாம். வேலைவாய்ப்பு முகாமுக்கு நேரில் போகும்போது கையில் கொடுப்பதற்கும், வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றி வைப்பதற்கும், ஆள் சேர்க்கும் ஏஜென்சியிடம் கொடுப்பதற்கும் பொது ரெஸ்யூமேதான் சரி. யார், எந்த வேலைக்காகப் பார்ப்பார்கள் என்று தெரியாத இடத்தில் யாருக்காக மாற்றுவது? லிங்க்ட்இன் பக்கமும் அப்படித்தான், அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். ஆனால் அங்கே இருக்கும் தேதிகளும் பதவிகளும் நீங்கள் அனுப்பும் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போக வேண்டும், பலர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஒரே வகை வேலைக்குப் பல நிறுவனங்களில் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் அந்த வகைக்கு ஒரு அடிப்படை ரெஸ்யூமே செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன துணிக்கடைக்காரருக்குக் கிடங்கு வேலைக்கு ஒன்று, வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்று, ஆக இரண்டு போதும். அப்புறம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சுருக்கத்தையும் ஓரிரு வரிகளையும் மாற்றினால் சரியாகிவிடும். நான்கு, ஐந்து வகை என்று பெருகினால் எந்த வேலை வேண்டும் என்பதில் நீங்களே இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று பொருள். அதை முதலில் யோசியுங்கள்.

மிகவும் விரும்பும் வேலைக்கு மட்டும் முழு நேரத்தையும் செலவிடுங்கள். அந்த நிறுவனம் என்ன செய்கிறது, யாருக்கு விற்கிறது, அண்மையில் என்ன தொடங்கியிருக்கிறது என்று அவர்களுடைய இணையதளத்தில் படியுங்கள். அங்கே வேலை பார்க்கும் யாரையாவது தெரிந்தால் கேளுங்கள். ரெஸ்யூமேயோடு சேர்த்து அனுப்பும் கடிதமான கவர் லெட்டர் கேட்டிருந்தால் அதையும் புதிதாக எழுதுங்கள். ரெஸ்யூமேயில் இருப்பதைத் திரும்பச் சொல்லாமல், விளம்பரத்தில் நீங்கள் கண்டுபிடித்த அந்தத் தலைவலியைப் பற்றி எழுதுங்கள். அவசியம் என்று சொன்னவற்றில் பாதி கூட உங்களிடம் இல்லை என்றால் அந்த விளம்பரத்தைக் கடந்து போவதே நல்லது. ஒன்றிரண்டு குறைந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் எழுதித் தரச் சொல்லலாமா என்ற கேள்வி இப்போது கட்டாயம் வருகிறது. விளம்பரத்தையும் உங்கள் மூலக் கோப்பையும் கொடுத்து, ‘இவர்கள் கேட்பதில் என்னிடம் எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது’ என்று ஒப்பிடச் சொல்லுங்கள். அதற்கு அவை மிகவும் உதவும். முழு ரெஸ்யூமேயையும் எழுதச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பளபளப்பான வரிகள் வரும். டெம்ப்ளேட்டின் மாதிரி வாசகங்களிலிருந்து தப்பித்து வேறொரு மாதிரி வாசகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நீங்கள் செய்யாத வேலையையும், இல்லாத எண்களையும் அவை சேர்த்துவிடுவதுண்டு. ஒவ்வொரு வரியையும் மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைபேசி எண், முகவரி போன்றவற்றை நீக்கிவிட்டே ஒட்டுங்கள்.

அனுப்பும் முன்பும் பின்பும்

கோப்புக்கு உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வருமாறு பெயர் வையுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதியது’, ‘ஃபைனல் இதுதான்’ என்று கோப்புகள் பெருகும்போதுதான் தவறான நிறுவனத்தின் பெயர் உள்ள ரெஸ்யூமே வெளியே போகிறது. பிடிஎஃப் கேட்டால் பிடிஎஃப், வேர்ட் கேட்டால் வேர்ட். இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை.

விளம்பரத்தின் முழு வாசகத்தையும் அனுப்பிய ரெஸ்யூமேயையும் ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. விண்ணப்பத் தேதி முடிந்ததும் விளம்பரம் இணையத்திலிருந்து போய்விடும். மூன்று வாரம் கழித்து ஒரு மதிய வேளையில் போன் வரும், எந்த நிறுவனம், எந்த வேலை, அதில் என்ன எழுதினோம் என்று எதுவும் நினைவில் இருக்காது. எக்செல்லில் ஒரு சின்னப் பட்டியல் வையுங்கள்: நிறுவனம், வேலை, அனுப்பிய தேதி, எந்த ரெஸ்யூமே, என்ன பதில். இன்டர்வியூவுக்குப் போகும்போது அனுப்பிய அதே ரெஸ்யூமேயை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

அனுப்புவதற்கு முன் வீட்டிலோ நண்பர்களிலோ ஒருவரிடம் பக்கத்தைக் காட்டி, பத்து நொடியில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ‘நான் என்ன வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்?’ என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் மேல் பாதி சரியாக இருக்கிறது. ‘ஏதோ ஆபீஸ் வேலை’ என்று இழுத்தால் சுருக்கத்தைத் திருத்துங்கள். எழுத்துப் பிழையையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள், நம் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

பதினைந்து இருபது விண்ணப்பங்கள் போன பிறகு பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்த அழைப்பும் வரவில்லை என்றால் பிரச்சினை ரெஸ்யூமேயின் மேல் பாதியில் இருக்கலாம், அல்லது உங்கள் அனுபவத்துக்கு மீறிய வேலைகளையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு வகை வேலைக்கு மட்டும் அழைப்பு வருகிறது என்றால் அந்த வகைக்கான ரெஸ்யூமேயைப் பார்த்து மற்றதையும் திருத்துங்கள். அழைப்பு வருகிறது, இன்டர்வியூவில் நின்றுவிடுகிறது என்றால் ரெஸ்யூமே தன் வேலையைச் செய்துவிட்டது. இனி அதைத் தொடாமல், அதில் எழுதிய ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு விளக்கிப் பழகத் தொடங்குங்கள்.